தேர் என்று சொன்ன வாய்

அன்பு மகள் பட்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உடம்பு என்று பார்த்தால் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு குறையும் இல்லை. மனசு என்று பார்த்தால் அம்மாவுக்கு மட்டும் குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் இரண்டிலும் நன்றாக இருக்க வேண்டும். நீ நாலைந்து தடவை கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அம்மா உன்னிடம் சொன்னது பச்சைப் பொய். என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. உன் குரலைக் கேட்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன், கையெழுத்து கோழி கிளறினது போல் இருக்கும், பொறுத்துக்கொள்.

வீட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான், அவனுடைய அழுக்குத் துணி மட்டும் வாராவாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறது. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் வந்து பார்த்து, யார் சார் இதை இப்படி மாட்டினது என்று தலையில் அடித்துக்கொண்டார், மாட்டினது போன வருஷம் அவரேதான். அம்மாவின் முழங்கால் வலி தேவலை. மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், படியைக் கட்டினது நான் என்பது போல.

போன வாரம் நீ பேசினபோது, குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு டாக்டரிடம் போனாய் என்றும், சாலையைக் கடக்கும்போது ஒரு கார்க்காரன் கண்ணாடியை இறக்கி என்னவோ சொன்னான் என்றும் சொன்னாய் அல்லவா? இந்த ஊர்ப் பேச்சு பாதிதான் புரிஞ்சுதுப்பா, ஆனா கார்ல இருந்த மத்தவங்க சிரிச்சதுல மீதி புரிஞ்சுடுச்சு என்றாய். எனக்கு ரத்தம் கொதித்தது. எவன்டா அவனுக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தவன் என்று போனிலேயே கத்தினேன். நீ சிரித்துவிட்டாய். அப்பா எனக்காகச் சண்டைக்கு நிற்கிறார் என்று உனக்கு சந்தோஷமாகக்கூட இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் நம் டிரைவிங் பள்ளியில் சேர்ந்திருக்கும், வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்குக் கார் ஓட்டும் வகுப்பு. கெட்டிக்காரி, ஆனால் பயந்த சுபாவம். பயந்தவர்களுக்கு நான் எப்படிக் கற்றுக்கொடுப்பேன் என்று உனக்குத் தெரியும், சின்ன வயதில் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்டவள்தானே. பாதசாரி ஒருவர் குறுக்கே வருகிறார் என்று பாடப் புத்தகம் போலச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பாதசாரி சக்கரத்துக்கு அடியில் இருப்பார். அதனால்தான் ஒற்றைச் சொல்லாக வைத்தேன். வயசானவர் என்றால் ஆமை, போனைப் பார்த்துக்கொண்டு நடப்பவன் குனிஞ்சான், ஓரடி முன்னே வைத்து ஓரடி பின்னே போகிறவன் ஊஞ்சல். படிக்க வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்தால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை தளரும். அதில் எனக்கு ஒரு பெருமை. குழந்தை வண்டிக்குத் தேர் என்று முதலில் சொன்னது நீ. பள்ளிக்கூடம் சேராத வயசு, ஒரு குழந்தை குடைக்குக் கீழே ராஜா மாதிரி உட்கார்ந்து போனதைப் பார்த்து, அப்பா தேர் போகுது, நானும் ஏறணும் என்று அழுதாய். நீ ஆசையாகச் சொன்னதை நான் நையாண்டி ஆக்கிக்கொண்டேன். அது எப்போது அப்படி ஆனது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

சந்தைக்குப் போகும் திருப்பத்தில் ஒரு பெண் குழந்தை வண்டியோடு நடு ரோட்டில் குனிந்து நின்றாள். உன் வயசுதான் இருக்கும். எங்கள் வண்டியை நிறுத்தியாயிற்று. போனைப் பார்க்கிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வகுப்புக்கு வந்த பெண் கொஞ்சம் பொறுங்க சார் என்றாள். நான் பொறுக்கவில்லை. அவள் கைக்கு மேலே என் கையை நீட்டி ஹாரனை அழுத்தினேன், கண்ணாடியை இறக்கி, ஏம்மா, தேர் ஆடி அசைஞ்சு எப்ப நிலைக்கு வரும் என்று கேட்டேன். பட்டு, அந்த வண்டியின் முன் சக்கரம் சாக்கடை மூடியின் கம்பிக்கு நடுவே மாட்டியிருந்தது. அதைத்தான் அவள் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தாள். ஹாரன் சத்தத்தில் குழந்தை வீறிட்டது, அவள் பதறி இழுத்தாள், சக்கரம் கழன்று உருண்டு எங்கள் காருக்கு அடியில் போய்விட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. மன்னிச்சுக்குங்க என்றாள், என்னிடம்.

வங்கிப் பெண் கைப்பிரேக் போட்டாள், என்ஜினை அணைத்தாள், கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினாள். நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்று குறையாமல் அவள் செய்தது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வண்டியைக் குழந்தையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் ஒரு பிரேக் மட்டும்தான், ஸ்டியரிங் கிடையாது. காரின் தலையில் பள்ளியின் பெயரும் என் போன் நம்பரும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். ஒரு லாரிக்காரன், யோவ் பெரிசு, வீட்டுல இடமில்லன்னு இங்க வந்து தூங்கறியா என்று கேட்டான். இறங்கி, ரோட்டில் மண்டி போட்டு, காருக்கு அடியில் கையை விட்டு அந்தச் சக்கரத்தை எடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு பேரையும் காணவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சாப்பாட்டை வைத்துவிட்டு, நம்ம பட்டுவும் இப்படித்தானே தள்ளிட்டுப் போவா என்றாள், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். என்ன முகத்தோடு எடுப்பேன், சொல்லு. உன்னைப் பார்த்துச் சிரித்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அப்புறம் வங்கிக்குப் போய், அந்தப் பெண்ணின் கவுண்டரில் வரிசையில் நின்று, அந்தக் குழந்தையின் அம்மாவை உனக்குத் தெரியுமா, இந்தச் சக்கரத்தைக் கொடுத்துவிடுகிறாயா என்று கேட்டேன். நீங்களே குடுங்க சார், அதுக்கப்புறம் நான் வகுப்புக்கு வர்றேன் என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கேட்டார்கள். சரி என்று தினமும் காலையில் அந்தத் திருப்பத்தில் போய் நின்றேன். நேற்று அந்தத் தாய் வந்தாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காய்கறிப் பையை மறு கையில் தூக்கிக்கொண்டு, வண்டி இல்லாமல். என்னைப் பார்த்ததும் நின்றாள். குழந்தையின் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டு திரும்பி, தூரமான சுற்று வழியில் வேகமாக நடந்தாள். நான் சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், கூப்பிட வாய் வரவில்லை. ரோட்டில் நடக்கிற அத்தனை பேருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறேன், அவளைக் கூப்பிட ஒரு சொல் என்னிடம் இல்லை. ஒரு பெண் என்னைக் கண்டு பயந்து வழி மாறிப் போனதை இந்த வயதில் பார்த்துவிட்டேன்.

நாளைக்கு அந்தத் திருப்பத்துக்குக் காரை எடுக்காமல் நடந்து போகப் போகிறேன், அம்மாவும் கூட வருகிறாள். அம்மா முன்னால் போய்ப் பேசுவாள், நான் பின்னால் நிற்பேன். அந்தப் பெண் சக்கரத்தை வாங்கிக்கொள்வாளோ மாட்டாளோ, என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு வர வேண்டியதுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, எடுக்கிறேன். முதலில் நன்றாகத் திட்டு, அப்புறம் குழந்தையைக் காட்டு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குட்டிக்கு முத்தம். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குழந்தை வண்டியின் சக்கரத்தை அவ்வப்போது அசைத்துப் பார், ஆணி தளர்ந்திருந்தால் மாப்பிள்ளையை முடுக்கச் சொல். சாலையைக் கடக்கும்போது உன் நடையிலேயே கட. எவன் ஹாரன் அடித்தாலும் ஓடாதே, உள்ளே உட்கார்ந்திருப்பது உன் அப்பனாகவே இருந்தாலும்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
உன் அப்பா