கடைச் சட்டை

அதியமான்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கலைமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் நான் பேசினால் "சரிங்கப்பா" என்ற ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் நிறுத்த மாட்டாய் என்ற தைரியத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் மானம் போன கதை. செவ்வாய்க்கிழமை தர்மபுரியில் உன் அண்ணன் மகள் வெண்மதிக்கு ரத்தம் எடுத்தார்கள். பதினாலு மாதக் குழந்தை, உதட்டைப் பிதுக்கினாள், அவ்வளவுதான். அடுத்தது என் முறை. லாரி பேட்டரியைத் தனியாளாகத் தூக்குகிற நான், பஞ்சு கையில் பட்டதுமே கண் இருட்டிப் பெஞ்சோடு சாய்ந்துவிட்டேன். "இதுல பேஷண்ட் யாருங்க, குழந்தையா தாத்தாவா?" என்று நர்ஸம்மா கேட்க, உன் அண்ணி காவியாகூடச் சிரித்துவிட்டாள். ஒரு மாதமாக அந்தப் பெண் முகத்தில் சிரிப்பு இல்லை. அதனால் விழுந்ததில் எனக்கு வருத்தமில்லை.

குழந்தைக்கு எதற்கு ரத்தம் என்று கேட்பாய். ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். முகமெல்லாம் வெளுப்பு. பூச்சி மருந்து கொடுத்தோம், கோயிலில் மந்திரித்தோம். கடைசியில் ஒரு டாக்டரம்மா, வீட்டில் யார் யாருக்கு என்ன வேலை என்று கேட்டார். முப்பது வருசமாக பைபாஸ் ஓரம் பேட்டரிக் கடை, பழைய பேட்டரியைப் பிரித்து ஈயத் தகடு மாற்றுவதில் தொப்பூர் வரைக்கும் எனக்கு நிகர் கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் சட்டையைப் பார்த்தார். குழந்தைக்கும் எனக்கும் சேர்த்தே ரத்தம் எடுக்கச் சொன்னார்.

நேற்று முடிவு வந்தது. குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. என்னுடையதில் அதைப்போல நாலு மடங்கு. உள்ளே போகிற வழியை அடைத்துவிட்டால் மெதுவாகக் குறையும், இரும்புச்சத்து மருந்து கொடுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. மூளை வளர்ச்சிக்கு ஏதாவது ஆகுமா என்று உன் அண்ணன் அருண்குமார் கேட்டான். இப்போதே சொல்ல முடியாது என்றார்.

வழி எது என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. கடையிலிருந்து வந்ததும் அதே சட்டையோடு அவளைத் தூக்குவேன். பல் முளைத்த நாளிலிருந்து என் காலரை மென்றுகொண்டேதான் தூங்குவாள்.

இதுவரை எழுதியது சுலபம். தொட்டில் போட்ட நாளைப் பற்றி எழுதத்தான் பேனா நகரமாட்டேன் என்கிறது.

குழந்தையை வாங்கித் தொட்டிலில் இட்டு, காதில் பெயர் சொல்ல வேண்டியவள் நீ. அத்தைக்கு உள்ள முறை அது. அதற்காகத்தான் மும்பை ஆராய்ச்சிக் கூடத்தில் விடுப்புப் போட்டு ரயில் மாறி மாறி வந்தாய். அத்தனை பேர் முன்னால் சம்பந்தி மாதேஸ்வரன், "ஏனுங்க, கதிர்வீச்சுல வேலை செய்யறவங்க பச்சப்புள்ளையத் தொடலாமுங்களா?" என்று கேட்டார். நீ கோபப்படவில்லை. வெளியே வரும்போதெல்லாம் கை, கால், துணி எல்லாவற்றையும் கருவியில் காட்டிவிட்டுத்தான் வருவோம், ஒட்டியிருந்தால் கதவைத் தாண்ட விடமாட்டார்கள் என்றாய். செய்கிற வேலையையும் சொன்னாய். ஈய உப்பு கரைத்த தண்ணீரில் ஈயத் தகட்டைப் போட்டால் பார்வைக்கு ஒன்றும் நடக்காது, எடையும் மாறாது. ஆனால் தண்ணீரில் இருக்கிற ஈயத்தில் துளியூண்டுக்குக் கதிர் வீசுகிற அடையாளம் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தகட்டை எடுத்துக் கழுவிக் கருவியில் வைத்தால் கருவி சத்தம் கொடுக்கும். தண்ணீரில் இருந்தது தகட்டுக்கு வந்திருக்கிறது, தகட்டில் இருந்தது தண்ணீருக்குப் போயிருக்கிறது, சும்மா கிடப்பதுபோலத் தெரியும், சும்மா கிடக்காது என்றாய்.

நான் என்ன செய்தேன்? சபையைச் சிரிக்க வைத்தேன். "எட மாறாததப் பாக்கவா கண்ணு எட்டு வருசம் படிச்ச?" என்றேன். அப்புறம் சம்பந்தி மனம் கோணக்கூடாதென்று, எதற்கும் ஒரு தடவை குளித்துவிட்டு வா என்றேன். துக்க வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் குளிக்கிற பின்பக்கக் குழாயைக் காட்டினேன். நீ ஈரத்தலையோடு வந்தபோது, நல்ல நேரம் போகிறதென்று காவியாவின் தங்கை குழந்தையைத் தொட்டிலில் போட்டுப் பெயரும் சொல்லிவிட்டாள்.

அன்று மாலை மொரப்பூரில் உன்னை ரயில் ஏற்ற வந்தேன். "குளிக்கச் சொன்னீங்க, குளிச்சிட்டேன். நீங்களும் கடையில இருந்து வந்தா குளிச்சு, சட்டை மாத்திட்டுப் பாப்பாவத் தூக்குங்கப்பா" என்றாய். குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீம்பில் மறுநாள் கையைக்கூடக் கழுவாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா முன்னால் நடந்தேன். "அவ ஒன்னு சொன்னா காரணமில்லாமச் சொல்ல மாட்டாளுங்க" என்று அவள் அப்போதே சொன்னாள். ஒரு நாள் வீம்பு, ஒரு வருசப் பழக்கமாகிவிட்டது. முப்பது வருசம் தகட்டோடு புழங்கினேன்; நான் தகட்டைத் தொடுகிறேன், தகடு என்னைத் தொடவில்லை என்றே இருந்துவிட்டேன்.

கடைக்குப் பின்னால் அடுக்கியிருந்த பழைய பேட்டரிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். இனி பிரிக்கிற வேலை கிடையாது. புதுசு விற்பதும் சார்ஜ் போடுவதும்தான். கடைச் சட்டை கடையிலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். நேற்று அந்தப் பின்பக்கக் குழாயில் தேய்த்துத் தேய்த்துக் குளித்தேன். வெண்மதி கையை நீட்டினாள். எனக்குத்தான் தூக்கத் துணிச்சல் வரவில்லை.

வீட்டை எப்படிச் சுத்தம் செய்வது, பெருக்கலாமா, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டுமா, பேட்டரி கிடந்த இடத்து மண்ணை என்ன செய்வது, ஒன்றும் தெரியவில்லை. "உங்க பொண்ணையே கேக்கலாமுங்களே" என்று சம்பந்தி சொல்கிறார். அவர்மேல் கோபப்பட்டு என்ன பயன்? அன்றைக்கு அவர் கேள்விதான் கேட்டார். குழாயைக் காட்டியது நான்.

விடுப்புக் கிடைத்தால் வா கண்ணு. எனக்காக வேண்டாம், குழந்தைக்காக வா. நேரத்துக்குச் சாப்பிடு. நீ எடுத்த வேலை நல்லபடி முடியட்டும், எந்தக் கெடுதலும் உன்னை அண்டாமல் இருக்கட்டும்.

அன்று எனக்குக் கதிர்வீச்சுப் பயம் துளியும் இல்லை. நீ சொன்னது நிஜம் என்று தெரியும். தெரிந்தும், வாய் வரைக்கும் வந்த ஒரு வரியை விழுங்கிவிட்டேன். சபையில் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "புள்ளைய அவ அத்தை கையில குடுங்க."

உன் அப்பா,
சென்றாயன்