பீரங்கி வைக்காத கப்பல்

உன் வீட்டுக் குசினிக்குள் கால் வைத்ததும் பசை மணந்தது. இந்த டூங்கபி ஊரில் அந்த மணம் உன் விரல்களில் மட்டும்தானே இருக்கும்? நீ இல்லாமல் அது எப்படி வந்தது, மச்சான்?

திங்கட்கிழமை ரீச்சர் இடாப்புக் கூப்பிட்டபோது உன் பெயரைத் தாண்டிப் போனார். நீ பிந்தி வருகிறாய் என்று நினைத்து, உன் குரலில் "ஹியர், மிஸ்!" என்றேன். வகுப்பே சிரித்தது. ரீச்சர் அழுதார். முந்தின நாள் ஆஸ்துமா உன்னைக் கொண்டுபோனது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. இன்னும் நம்பவில்லை. பகிடி விடுகிறவன் நானல்லவா, நீ எப்போது பழகினாய்?

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இத்தாலி கட்டத் தொடங்கி, ஒன்றைக்கூட முடிக்காமல் விட்ட நாசகாரிக் கப்பல் வகையில் ஒன்றைச் சின்ன மாதிரியாக ஒட்டிச் செய்துகொண்டிருந்தாய்.

"நாசகாரி எண்டால் எங்கட கணக்கு ரீச்சரடா" என்றேன்.

"அவ ஆக்களை முடிச்சுப்போடுவா. இது ஒருத்தரையும் சுடேல்லை" என்றாய்.

கட்டுமானத்தளத்தில் நின்ற கோலத்திலேயே செய்தாய்: பாதித் தகடு, சுற்றிச் சாரக்கட்டு, துருச் சிவப்பு. சனிக்கிழமை கடைசிச் சாரக்குச்சியை ஒட்டிவிட்டு, "சரி, முடிஞ்சுது" என்று கையை உதறினாய்.

நான் குசினிக்குள் நுழைந்தபோது, அந்தக் கப்பலுக்கு முன்னால், மெல்பேர்னிலிருந்து வந்த உன் மாமா வேறொரு மாதிரிக் கப்பல் பெட்டியிலிருந்து எடுத்த பீரங்கிகளுக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை அரைகுறையில விட்டிட்டுப் போயிட்டான். எட்டாம் நாள் சடங்குக்கு முதல் முடிச்சு அவன்ரை படத்துக்குப் பக்கத்தில வைப்பம்" என்று உன் அம்மா விம்மினார்.

"அன்ரி, ஒட்ட விடாதேங்கோ! அது முடிஞ்சுது!"

"தம்பி, இண்டைக்குமா உன்ரை பகிடி?" என்றார் மாமா. முன்பு ஃபோனில் வரிக் கந்தோர் அதிகாரி போலப் பேசி அவரை வியர்க்க வைத்தவன் நான். என்னை ஏன் நம்புவார்? பகிடிக் குரலை விட்டு, கப்பலைத் தொட்டுக் காட்டினேன்.

"இத்தாலிக்காரர் இப்பிடித்தான் விட்டவை. அவன் அதைத்தான் செய்தவன், அன்ரி. இது ஒருத்தரையும் சுடேல்லை எண்டு சொன்னவன்."

அம்மாவின் விம்மல் நின்றது.

"எனக்கும் சொன்னவன். போர்க்கப்பல் வீட்டுக்குள்ள வேண்டாம் எண்டு ஏசினனான். அப்பதான் சொன்னவன்."

மாமாவின் விரலிலிருந்து பீரங்கியை எடுத்து அப்பால் வைத்தார். பிறகு என்னை மட்டும் பார்த்தார்.

"அப்ப, முடிச்சுப்போட்டே போனவன்?"

"ஓம் அன்ரி."

கப்பலை மடியில் ஏந்திக்கொண்டு அவர் அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது. இப்போதெல்லாம் பகிடிக்கென்று வாய் திறந்தாலும் அன்ரிக்குச் சொன்ன அந்த 'ஓம்'தான் முதலில் வந்து நிற்கிறது, மச்சான்.