பதிவேட்டில் அப்பன் பெயர்

ஜூலை 14, திங்கள். சித்தூர்.
காலையிலிருந்தே புழுக்கம். தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து லீலா வந்தாச்சு. அறுபது வயசு, அரைகுறைத் தமிழ், தங்கல் திருப்பதி லாட்ஜில். பையில் அவள் அப்பாவின் அஸ்தி. தன் தாத்தா பிறந்த ஊர்க் குளத்தில் கரைக்கணும்னு சொல்லிட்டுப் போனாராம். அந்தத் தாத்தா எட்டு வயசில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினவர். ஆதாரம், கப்பல் பதிவேட்டு நகல் ஒண்ணு:
பெயர் சின்னப்பன்.
அப்பன் பெயர் நைனா.
தாலுக்கா சித்தூர். ஊர் ராமாபுரம்.
வெள்ளிக்கிழமை அவளுக்கு ஃபிளைட். "கண்டுபிடிச்சுடலாம்மா" என்றேன். ஊர் வரலாறு பத்தி நாலு துணுக்கு பத்திரிகையில் வந்த திமிர்.

15, செவ்வாய்.
ராமாபுரம் ஒண்ணில்லை, எங்க ஊரைச் சேர்த்து மூணு. மூணிலும் அலைச்சல். "நைனா குடும்பம் எது?" கடைசி ஊர் டீக்கடையில் ஒரு கிழவர்: "இன்னாபா, யாரு நைனா? உன் நைனாவா, என் நைனாவா?" கடையே சிரிச்சுது. நானும்.
பஸ் ஏறினதும் சிரிப்பு நின்னுது. நைனான்னா இந்தப் பக்கம் அப்பா. அப்பன் பேர் என்னன்னு கப்பல் குமாஸ்தா சின்னப்பனைக் கேட்டிருப்பான். பிள்ளைக்குத் தெரிஞ்ச ஒரே பேர் அதுதான். நானும் எங்கப்பாவை அப்படிக் கூப்பிட்டு வளர்ந்தவன். அறுபத்திரண்டு வயசு மடையன்.

16, புதன். திருப்பதி.
லாட்ஜில் லீலாவிடம் சொன்னேன். "அவர் பேர் சொல்லலை அண்ணா. அப்பாவைக் கூப்பிட்டார்."
அஸ்திப் பையைத் திரும்பக் கொண்டுபோக ஜிப்பை மூடினாள். பார்க்க முடியலை. என் வாய் தானா திறந்தது: "எங்க ஊரும் ராமாபுரந்தான். கொள்ளுத்தாத்தாவோட தம்பி ஒருத்தர் சின்ன வயசில் காணாமப் போனார்."
முதல் வரி நிஜம்.

17, வியாழன்.
எங்க ஊர்க் குளம். மூலையில் முழங்கால் தண்ணி, அதிலும் பால் பாக்கெட். கரைச்சாள். என் பெண்டாட்டியைக் கட்டிக்கிட்டு "அண்ணி, அண்ணி"ன்னு ஒரே அழுகை. இவளும் அழுதாள், நிஜம்னு நம்பி. கரையில் என் பங்காளி, காதில் விழற மாதிரி: "எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஏதுடா தம்பி? எனக்குத் தெரியாம?" முறைச்சேன். வாயை மூடிக்கிட்டான்.

18, வெள்ளி.
லேசான தூறல். லீலா போயாச்சு. ஏர்போர்ட்டிலிருந்து மெசேஜ்: டிசம்பரில் அண்ணன் தம்பி, பேரன் பேத்தி எல்லாரோடும் வராளாம். பெண்டாட்டிக்குத் தலைகால் புரியலை. "உங்க பக்கத்தில் உருப்படியா ஒரு சொந்தம்!" உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அடுத்த மெசேஜ். சின்னப்பனுக்கு போட்டோ கிடையாதாம். கூடப்பிறந்தவர் முகம் அதே ஜாடையாத்தானே இருக்கும், உங்க கொள்ளுத்தாத்தா படத்தை அனுப்புங்க, வீட்டில் மாட்டணும்.
பெண்டாட்டி ஸ்டூல் போட்டு ஏறி, படத்தை இறக்கி, முந்தானையால் துடைச்சுக்கிட்டிருக்கிறாள்.