கனகாக்கா வேண்டிக்கொண்டது

ஜூலை 20, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பொம்மனஹள்ளி அறை முழுக்க ஈர வாடை. எம்.ஏ. ஆய்வேடு: மூன்று அத்தியாயம் முடிந்தது. நான்காவது, 'மதம் மாறிய குடும்பங்களின் அன்றாடம்', வெறும் தலைப்பு மட்டும். மர்பி டவுன் தனபால் அண்ணன் வீட்டைத்தான் நம்பியிருக்கிறேன். பௌத்தத்துக்கு மாறியவர், அங்குள்ள புத்த விகாரையின் செயலாளர். மனைவி கனகாக்கா, ஒரே மகள் சங்கமித்ரா. "எங்க வீட்டுல ஒரு சாமி படம் காட்டு பாப்போம்" என்று போன வாரமும் அண்ணன் சவால் விட்டார்.

அம்மா போன். "மதத்தைப் பத்திப் படிக்கிறியே, ஒரு நாளாவது விளக்கு ஏத்துறியாடி?" பேச்சை மாற்றினேன்.

ஜூலை 22, செவ்வாய்
குடை வாங்க சிவாஜிநகர். சந்துக்குள் மாரியம்மன் கோயில், ஆடிக் கூட்டம். வரிசையில் கனகாக்கா! கையில் எலுமிச்சை மாலை. என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"மித்ராவுக்கு வெள்ளிக்கிழமை இதயத்துல ஆபரேஷன். நான் இங்க வர்றது அவருக்குத் தெரியாது. எழுதிடாத கண்ணு."

சரி என்றேன். தெருவுக்கு வந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது குழந்தை இல்லை. நான்காம் அத்தியாயம். சீ.

குடை வாங்க மறந்தேன்.

ஜூலை 23, புதன்
ஆய்வு கைடிடம் கோயிலில் பார்த்ததைச் சொல்லித் தொலைத்தேன். பெயர் சொல்லாமல்தான். கன்னடக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார். "இதுதான்மா உன் தீசிஸ்! பேரை மாத்து, அஷ்டே, அவ்வளவுதான்."

பெயரை மாற்றினால் ஆயிற்றா? அந்த விகாரைக்குச் செயலாளர் ஒருவர்தான். அவருக்கு மனைவி ஒருவர்தான்.

இருந்தும் இரண்டு பக்கம் டைப் அடித்தேன். நன்றாக வந்திருக்கிறது, அதுதான் தொல்லை. அழித்தேன். திரும்பக் கொண்டுவந்தேன். மாவு புளித்துவிட்டது, தோசை வாயில் வைக்க முடியவில்லை.

ஜூலை 25, வெள்ளி
ஆஸ்பத்திரி. மித்ராவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அக்கா பெஞ்சில், முந்தானையை முறுக்கிக்கொண்டு. அண்ணன் நடந்துகொண்டேயிருந்தவர் சட்டென்று நின்றார்.

"கனகா, இன்னிக்கு ஆடி வெள்ளியாச்சே. கோயிலுக்குப் போவல?"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? போய்ட்டு வா. நான் இருக்கேன்."

"நீங்களும் வாங்களேன்."

"எனக்கு அது வராது கனகா. நீ போ."

அக்கா போகவில்லை. அவர் தோளில் சாய்ந்து அழுதார். நான் காப்பி வாங்கக் கிளம்புவதுபோல எழுந்தேன். அண்ணன் கூப்பிட்டார்.

"இதையும் எழுதுவியாம்மா?"

"இல்லண்ணா."

"எழுது. பொண்டாட்டி ஒளிஞ்சு போய் சாமி கும்பிடற மாதிரி ஒருத்தன் வீட்டை நடத்தினான்னு எழுது."

சாயங்காலம் டாக்டர் வந்தார். நல்லபடியாக முடிந்தது. மூவரும் அழுதோம்.

ஜூலை 28, திங்கள்
வெயில், ஒருவழியாக. ஆஸ்பத்திரியில் மித்ரா கஞ்சி குடித்தாள், போன் கேட்டு அடம். அண்ணன் வேலைக்குப் போன நேரம் பார்த்து அக்காவிடம் கேட்டேன்: அண்ணன் எழுதச் சொன்னாரே?

"அவரு சொல்லிட்டா ஆச்சா? வேண்டிக்கிட்டது நான். நான் சொல்ல வேணாமா?"

"சொல்லுங்கக்கா. எழுதட்டுமா?"

"வேணாம்."

கைடிடமிருந்து மெசேஜ்: நான்காவது எப்போது?

இரண்டு பக்கத்தையும் அழித்தேன். நான்காவது இல்லை சார் என்று பதில். உடனே அவரிடமிருந்து போன். எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறது. அடிக்கட்டும்.