எல்லாம் செட்டில்

என் அன்பு வாப்பாவுக்கு,

அன்றைக்கு மருத்துவமனையில் நான் கேட்காமல் விட்டது ஒரே ஒரு சொல். "எதை?"

மூக்கில் மாட்டியிருந்த குழாயை விலக்கிக்கொண்டு, "எல்லாம் செட்டில் பண்ணிட்டேன்மா, நீ கவலைப்படாத லா" என்றீர்கள். நான் தலையாட்டினேன். தாதி வந்து, "அங்கிள், மறுபடி கழட்டினீங்கன்னா கையக் கட்டிப் போட்டுருவேன்" என்று மிரட்டிவிட்டுக் குழாயைச் சரிசெய்தார். அவரிடமும் நீங்கள் "ஓகே லா, செட்டில்" என்றீர்கள். மறுநாள் காலை நீங்கள் இல்லை.

கேட்டிருந்தால் மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பீர்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இதையெல்லாம் நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுவது எனக்குப் பிடித்த காரியம் அல்ல. பிறந்தநாளைக்கூட வெளியில் சொல்லாதவள் நான். ஆனால் நீங்கள் போனதிலிருந்து அந்த 'செட்டில்' என்ற சொல்லை என் மேல் எறிந்துகொண்டிருப்பவர்கள் எல்லாரும் படிக்கத் தெரிந்தவர்கள். நேரில் சொன்னால் கேட்க மாட்டார்கள். உங்களுக்கு எழுதினால் ஒட்டுக் கேட்பார்கள்.

சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் எத்தனையோ வருடம் பயணப் பெட்டி விற்றீர்கள். பெட்டி விற்பதால் "என் பெட்டிக்கடை" என்று நீங்களே கிண்டல் செய்வீர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஊருக்குப் போகிற தொழிலாளர்கள் கூட்டம். "அண்ணே, சக்கரம் சுத்தலண்ணே." "வச்சிட்டுப் போ தம்பி, செட்டில் பண்றேன்." "எப்பண்ணே? ராத்திரி பிளைட்டு." "அதான் சொல்றேன்ல, செட்டில்." அந்தத் தம்பி கறிப் பரோட்டா சாப்பிட்டுத் திரும்பி வருவதற்குள் சக்கரம் சுற்றும். கடையில் அந்தச் சொல் பொய் சொன்னதே இல்லை.

வீட்டில்தான் அதற்கு வேறு குணம். தண்ணீர் சூடாக்கும் பெட்டி கெட்டுப்போனபோதும் "செட்டில் பண்றேன்" என்றீர்கள். ஒரு வருடம் நாங்கள் பச்சைத் தண்ணீரில் குளித்தோம். நம் புக்கிட் பாத்தோக் வீட்டில் அந்தச் சொல்லுக்கு, 'இதைப் பற்றி இனிமேல் பேசாதே' என்று அர்த்தம்.

பள்ளிப் பாடநூல்களில் மொழி பார்ப்பது என் வேலை என்பதால் ஒரு சொல்லை லேசில் விட முடிவதில்லை. ஆங்கிலத்தில் அது அடங்குகிற சொல், வாப்பா. கலங்கிய தண்ணீரில் மண் அடியில் போய்த் தங்கினால் செட்டில். தூசி அடங்கினால், பறவை கிளையில் உட்கார்ந்தால், சண்டை ஓய்ந்தால் செட்டில். சிங்கப்பூருக்கு வந்ததும் அதற்கு அடக்கம் போய்விட்டது. அலுவலகத்தில் "லஞ்ச் செட்டில் ஆயிருச்சா?" என்றால் சாப்பிட்டாயா என்று பொருள். டாக்சியில் வழி தப்பிவிட்டதே என்று பதறினால், ஓட்டுநர் "டோன்ட் வொரி, ஐ செட்டில்" என்று இன்னும் தப்பான வழியில் திரும்புவார். கல்யாண வீட்டில் யாராவது என் கையைப் பிடித்து "நீ எப்போ செட்டில்?" என்றால், அது என்ன கேள்வி என்று உங்களுக்கே தெரியும்.

நாம் அதற்கு இரண்டு வால் ஒட்டினோம். பண்ணு, ஆகு. நம் குடும்பத்தில் யார் எதைச் சொல்கிறார்கள் என்று கொஞ்ச நாளாகக் கவனித்தேன். ஆண்கள் செட்டில் பண்ணுகிறார்கள். பெண்கள் செட்டில் ஆகிறார்கள். ஆங்கிலத்தில் இன்னோர் அர்த்தமும் உண்டு. வேண்டியது கிடைக்காதபோது, கிடைத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பது. அந்த ஒன்றை மட்டும் நாம் தமிழில் இறக்கவே இல்லை. ஏன்? அது சொல்லாமலே நடந்துவிடுவதாலா?

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் மௌத்தான பிறகு உம்மா இத்தா இருந்தார். நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே, வெள்ளைச் சேலையில், ஜன்னல் பக்கம் போகாமல். அந்த நாட்களில் நாகூரிலிருந்து உம்மாவின் தம்பி சாகுல் மாமா போன் செய்தார். உம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"இத்தா முடிஞ்சதும் ராத்தாவுக்கு டிக்கெட் போடுறேன் புள்ள. மாடி வீடு ரெடியா இருக்கு."

"எதுக்கு மாமா டிக்கெட்?"

"என்னா இப்படிக் கேக்குற? மச்சான் உன்கிட்ட சொல்லலையா? ராத்தா இங்க வந்து இருக்கிறதுன்னு போன வருஷமே நாங்க ரெண்டு பேரும் செட்டில் பண்ணிட்டோமே."

உம்மா கட்டிலில் உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மணியை உருட்டிய விரல் நின்றது.

"என்கிட்ட அப்படிச் சொல்லலியே. 'நீ இங்கதான் இருப்ப, உன் பாஸ் விஷயத்த பிள்ளை பாத்துக்கும், எல்லாம் செட்டில்'னுதான சொன்னாரு. உன்கிட்ட பேசிட்டேன்னாரே?"

என்னிடம் நீங்கள் பேசவே இல்லை. எத்தனை வருடம் இங்கே குடும்பம் நடத்தினாலும் உம்மா இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரர்தான், இங்கே தங்க நீண்டகாலப் பாஸ் வாங்கி இருப்பவர்தான் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பாஸுக்குப் பொறுப்பேற்றிருந்தவர் நீங்கள் என்றும், நீங்கள் போனால் என் பேரில் மாற்ற வேண்டும் என்றும், என் கையெழுத்து இல்லாமல் அது நகராது என்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மருத்துவமனையில் நீங்கள் சொன்னபோது, ஏதோ கடை விஷயம் என்று நினைத்துத்தான் தலையாட்டினேன்.

கடையைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் கூட்டாளி காதர் மாமாவிடம் போனேன். "வாப்பா உங்ககிட்ட உம்மாவப் பத்தி என்ன சொன்னாங்க?" பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு நெற்றியைச் சொறிந்தார். "உங்க உம்மா மேட்டரா? அது செட்டில்னு சொன்னாரு."

"எப்படி செட்டில் மாமா?"

"அது கேக்கலயே. செட்டில்னு சொன்ன பெறவு யாரும்மா கேப்பா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் என் கோபமே. சாகுல் மாமாவுக்கு ஒரு செட்டில், உம்மாவுக்கு ஒரு செட்டில், எனக்கு ஒரு செட்டில். மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினோம். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு மனுஷி இனி எந்த ஊரில் கண் விழிப்பது என்பதை, ஆளுக்கு ஏற்ற மாதிரி நீங்கள் பங்கு வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த மனுஷியின் முகத்தைப் பார்த்து ஒரு தடவையாவது கேட்டீர்களா?

அன்று இரவு சாப்பிடும்போது உம்மாவிடம் சொன்னேன். "நீங்க எங்கயும் போக வேணாம். மாமாகிட்ட நான் பேசுறேன். பாஸ் விஷயத்த நான் செட்டில் பண்றேன்."

உம்மா தட்டில் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "அப்படியே உங்க வாப்பா பேசுற மாதிரி இருக்கு" என்றார். பாராட்டு என்றுதான் முதலில் நினைத்தேன்.

இத்தா முடிந்த வாரம் பாஸ் அலுவலகத்துக்குப் போனோம். ரயிலில் அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனேன். "ஏதாவது கேட்டா 'யெஸ், செட்டில்ட்'னு மட்டும் சொல்லுங்க உம்மா. மீதிய நான் பேசுறேன்." "ம்" என்றார். அந்த 'ம்'மை நான் நம்பியிருக்கக் கூடாது.

முகப்பு மேசையில் துடோங் முக்காடு அணிந்த மலாய்ப் பெண், கிட்டத்தட்ட என் வயது. காகிதங்களைப் புரட்டியபடி சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஸோ ஆன்ட்டி, ஹியர் ஆல் செட்டில்ட் ஆல்ரெடி ஆ?"

"நோ, நோ," என்று உம்மா பதறினார். என் தோளில் கை வைத்தார். "ஒன் டாட்டர். ஜாப் வெரி குட். ஸ்டில் நாட் செட்டில்."

காகிதம் புரட்டுவது நின்றது. அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் உம்மாவுக்கு அந்தச் சொல் கல்யாணம்தான் என்பதை எந்த ஆங்கிலத்தில் விளக்குவது?

"மீ ஆல்ஸோ, ஆன்ட்டி," என்றார் அவர். "மை மதர் எவ்ரி டே ஆஸ்க்."

"மதர் கரெக்ட்," என்றார் உம்மா.

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வாயைத் திறந்து விளக்கப் போனேன். அதற்குள் அந்தப் பெண் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் மெதுவாக, உம்மாவைப் பார்த்து மட்டும் கேட்டார்: "ஆன்ட்டி, யூ வான்ட் ஸ்டே ஹியர், ஆர் யூ வான்ட் கோ பேக்?"

வாப்பா, அந்தக் கேள்வியை அதுவரை யாருமே உம்மாவிடம் கேட்டதில்லை. நீங்கள் இல்லை, மாமா இல்லை. சொற்களை நோண்டிக்கொண்டு திரிகிற நானும் இல்லை. உம்மாவுக்கும் அது புதுசாக இருந்திருக்க வேண்டும். கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். எனக்குப் பயமாகிவிட்டது. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று.

"ஸ்டே," என்றார். பிறகு, "சம்டைம்ஸ் கோ. தென் கம்."

"கேன், ஆன்ட்டி. அப்ளை ஃபர்ஸ்ட்," என்றார் அந்தப் பெண்.

அன்று மாலையே மாமாவுக்குப் போன் செய்தது உம்மாதான். நான் பேசுகிறேன் என்றதற்குக் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "சாகுலு, மச்சானும் நீயும் பேசினீங்க, சரி. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" மறுமுனையில் மாமா ஏதோ நீளமாகச் சொன்னார். உம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். "நோன்புக்கு வர்றேன். பெருநாள் முடிச்சிட்டுத் திரும்பிடுவேன். என் பிள்ளை இங்க இருக்கு, உன் மச்சான அடக்கின கபுரு இங்க இருக்கு. மாடி வீட்ட சும்மா பூட்டி வைக்காம யாருக்காவது வாடகைக்கு விடு." மாமா கோபித்துக்கொண்டார். பிறகு இரண்டு வாரம் எங்களிடம் பேசவில்லை.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தொழுது துஆ கேட்கும்போதுகூட நடுவில் அது வந்து நிற்கிறது. 'ஏன் எங்களிடம் சொல்லவில்லை?' என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பயமாக இருந்தது என்று சொல்லியிருப்பீர்களோ? போகப் போகிறோம் என்று தெரிந்த ஆள், எல்லாரையும் ஒரு சொல்லால் சமாதானப்படுத்திவிட்டுப் போனாரோ? அப்படி இருந்தால், அந்தப் பயத்தையாவது எங்களுக்கு விட்டுப் போயிருக்கலாம். நாங்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். உம்மா விஷயத்தில் உம்மாவிடம் கேட்காமல் யாரிடமும் 'சரி' என்று சொல்ல மாட்டேன், அவர் பதில் எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

பாஸ் என் பேரில் மாறி, ஒரு வருடத்துக்குக் கிடைத்தது. உம்மா நோன்புக்கு நாகூர் போனார். பெருநாள் முடிந்து திரும்பி வந்தார்.

உங்கள் மகள்,
இன்னும் கோபம் ஆறாத மும்தாஜ்