தவிட்டுச் சாக்கில் கிறிஸ்துமஸ் தாத்தா

புதுவாயல்,
25-12-1974

அன்பு மருமகன் சின்னராசுவுக்கு, மூன்று வயதிலிருந்து உன்னைத் தோளில் சுமந்து வளர்த்த மாமன் ஆதிகேசவன் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை கெங்கம்மாள், எருமை மூவரும் சுகம். நீயும் பிலாய் இரும்பாலையில் சுகமாக இருப்பதாக எழுதியிருந்தாய், அதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான், ஏனென்றால் கடைசி வரியில் கல்யாணப் பேச்சை ஒளித்து வைத்துக்கொண்டு முதல் வரியில் என் முழங்கால் வலியை விசாரித்திருக்கிறாய். இருக்கட்டும். இப்போது ஒரு கதை சொல்லப்போகிறேன், இதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். உன் அத்தை நம்பவில்லை, எருமைகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் கும்பிடும் எல்லாச் சாமி மேலும் ஆணையாக இது நம்ப முடியாத கதைதான் என்று உறுதி கொடுத்துவிட்டே ஆரம்பிக்கிறேன்.

இங்கே நம் ஊர் ஆணிக் கம்பெனியில் வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் ஆயாவாக இருக்கிற மேரியைத்தான் கட்டிக்கொள்வேன், ஆனால் மாமா சம்மதம் இல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று எழுதிவிட்டாய். சம்மதம் என்ன கடையில் மடித்துத் தரும் பொட்டலமா? வேறு சாமி கும்பிடுகிற பெண் என்பதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை, பெண் எப்படி என்று தெரிய வேண்டாமா? ஆகவே இந்தத் தாலுகாவிலேயே தலைசிறந்த துப்பறிவாளனாகிய நான் ஒரு வாரமாக அவளை வேவு பார்த்தேன். பார்த்த வரையில் எல்லாமே சந்தேகம். வண்ணாரிடம் போய்ச் சாயம் போன சிவப்புப் புடவை ஒன்றைக் கேட்டு வாங்கினாள். மறுநாள் ஒரு பை நிறைய இலவம் பஞ்சு. அதற்கு மறுநாள் கம்பெனி வாட்ச்மேன் பரசுராமனிடம் காதோடு காதாக ஏதோ சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிவப்புப் புடவை முகூர்த்தத்துக்கு, பஞ்சு மெத்தைக்கு, ஆள் பரசுராமன் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அவருக்கு வயது அறுபது, வாயில் பல் இல்லை, பேரன் பேத்தி எடுத்தவர் என்று உன் அத்தை சொன்னாள். அதனால்தான் அவர் மேல் யாருக்கும் சந்தேகம் வராது என்று நான் பதில் சொன்னேன். உன் அத்தை எழுந்து போய்விட்டாள்.

இதற்கிடையில் ஊரில் ஒரு பேஜாரு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக ஒரு புகைபோக்கி எழும்புகிறது, பிள்ளையைப் பலி கொடுத்தால்தான் அது நிற்கும், அதற்காகச் சாக்கும் கையுமாக ஆள் அலைகிறான் என்று எவனோ கிளப்பிவிட்டான். ஆணி அடுக்குகிற பெண்களுக்கு வேலையில் கை ஓடவில்லை, நிமிஷத்துக்கு ஒருத்தி காப்பகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அதனால் மேரி பிள்ளைகளுக்கு ஒரு பாடம் வைத்திருந்தாள். சாக்கு தூக்கிக்கினு எவன் வந்தாலும் ஒரே கத்தா கத்துங்க என்று சொல்லி, தினமும் சோற்றுக்கு முன்னால் கத்திப் பழக்கினாள். அந்தக் கத்தலில் பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் தானாக நின்றது, வயலில் கதிர் பூக்க மறந்தது.

நேற்று காப்பகத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம். தகரக் கூரையெல்லாம் கலர்க் காகிதம், மூங்கில் பிளாச்சில் நட்சத்திரம், பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார்கள். எருமைக்குத் தவிடு வாங்கும் காலிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நான் பின்பக்க ஜன்னலில் கண்ணை வைத்த மாத்திரத்தில் பின்னாலிருந்து சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது. மேரி! ஜன்னலாண்ட இன்னா வேல என்றாள். தவிடு வாங்கப் போறேம்மா என்றேன். தவிட்டுக் கட உள்ளயா கீது என்றாள். இந்த மாமனைக் கேள்வி கேட்டு வாயடைத்த ஜீவன் இந்த மாகாணத்தில் அதுவரை பிறந்ததில்லை. அவளோ, வந்ததும் வந்தீங்க ஒரு கை குடுங்க, தாத்தா வேஷம் போட வேண்டிய பரசுராமன் அண்ணன மேனேஜரு கேட்ல நிக்க சொல்ட்டாரு, புள்ளைங்க காலைலேந்து காத்துக்கினு கீதுங்க என்று சொல்லிக்கொண்டே அந்தச் சிவப்புப் புடவையில் தைத்த அங்கியை என் தலைவழியே மாட்டி, பஞ்சுத் தாடியை ஒட்டிவிட்டாள். என் ஒரு வாரத் துப்பு முழுவதும் என் மோவாயிலேயே ஒட்டிக்கொண்டு தொங்கியது. மிட்டாய், பந்து, பலூன் எல்லாவற்றையும் என் தவிட்டுச் சாக்கில் கொட்டி, போங்க என்று முதுகில் தள்ளினாள்.

அவசரத்தில் அவள் மறந்தது ஒன்றுதான். முகம் தெரியாத ஆள், தோளில் சாக்கு! தான் வைத்த பாடத்தைத் தானே மறந்துவிட்டாள். நான் வாசலில் கால் வைத்ததும், ஆணி அடுக்குகிற அஞ்சம்மாளின் மகள் எழுந்து நின்று, புள்ள புடிக்கிறவன் என்று ஒரு குரல் கொடுத்தாள், அவ்வளவுதான், அத்தனை வாயும் திறந்தது. கூரைத் தகரம் எழுந்து பறந்து ஆந்திராவில் விழுந்தது. கம்பெனியில் மிஷின் நின்றது. அஞ்சம்மாளைத் தலைமையாகக் கொண்டு இருநூறு பெண்கள் துடைப்பத்தோடு வந்தார்கள், வானமே இருட்டிவிட்டது. எவன்டா அவன், தாடிய புடிங்கடி, டவுசர அவுறுங்கடி என்று ஒரே கூச்சல். அவர்களுக்குப் பின்னால் மேனேஜர். வேலையை நிறுத்தினது யாரு, நாளைக்கே இந்த ஆயாவ அனுப்பிட்டு வேற ஆள் வெக்கறேன் என்று அவர் கத்தியது எல்லார் காதிலும் விழுந்தது. மேரியின் முகத்தில் ரத்தம் இல்லை. அந்தச் சம்பளத்தில்தான் அவள் அப்பாவுக்கு மருந்து என்று நீயே எழுதியிருந்தாய். சரி, பெண் அழுவாள், தப்பை என் மேல் போடுவாள், மிச்சத்தைத் துடைப்பம் பார்த்துக்கொள்ளும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் அழவில்லை. எனக்கும் துடைப்பத்துக்கும் நடுவில் வந்து நின்றாள். பிள்ளைகளைப் பார்த்து, சபாஷ், இப்டித்தான் கத்தணும், ஆளு மாட்டிக்கினான் பாரு, இவன இன்னா பண்லாம் என்று கேட்டாள். அஞ்சம்மாளின் மகள் மெதுவாக, மூட்ட கட்டு ஆயா என்றாள். உடனே மேரி சாக்கைக் கவிழ்த்து மிட்டாயைத் தரையில் கொட்டிவிட்டு, உள்ள குந்துங்க என்று என்னை அதட்டினாள். பல ராஜ்யங்களை நடுங்க வைத்த உன் மாமனாகிய நான் தவிட்டுச் சாக்கில் இறங்கிக் குந்தினேன், அவள் சாக்கைத் தலைக்கு மேலே தூக்கி வாயைச் சேர்த்துப் பிடித்து, கட்டியாச்சு என்றாள். பிள்ளைகள் பலூனால் என்னைச் சாத்தினார்கள் பார், அழுத குழந்தை முதல் தவழ்ந்த குழந்தை வரை! அஞ்சம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள், அதன் பிறகு யார் சிரிக்கவில்லை என்று கேள். மேனேஜர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துவிட்டு, சீக்கிரம் வேலைக்கு வாங்கம்மா என்று போய்விட்டார். வேலை போகிற பேச்சு அத்தோடு முடிந்தது.

கூட்டம் கலைந்ததும் மேரி என்னை வெளியே எடுத்து, மூக்கிலிருந்த தவிட்டைத் துடைத்துவிட்டு, மாமா, நீங்க வேவு பாக்க வருவீங்கன்னு அவரு எழுதினாரு, ஒரு வாரம் ஆவும்னுதான் எழுதல என்றாள். துரோகி! பெற்ற பிள்ளையாக வளர்த்த மாமனை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தாயா? இனிமேல் உன் கடிதம் வந்தால் உறையின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பேன்.

இங்கே மழை விட்டுவிட்டது. பிலாயில் குளிர் அதிகமாம், கம்பளிக்கு உள்ளே பனியன் போட்டுக்கொள், உலை அருகில் வேலை முடிந்து வேர்வையோடு வெளியே போகாதே. ஓட்டல் நாஷ்டாவை நம்பாதே, அந்த எண்ணெய் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. தை மாதத்துக்கு இப்போதே லீவு எழுதிக் கொடு, மறந்துவிடாதே. கோயிலா சர்ச்சா என்பதை உன் அத்தையும் மேரியின் அம்மாவும் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வார்கள், நான் பக்கத்தில் போகப் போவதில்லை.

நான் எழுதியதில் பறந்த தகரம், நின்ற ரயில், இருநூறு துடைப்பம் எல்லாவற்றையும் தள்ளிவிடு, யார் கேட்டாலும் நானே இல்லை என்பேன். ஒரு சின்ன விஷயம் மட்டும் மெய், அதை உன் அத்தையிடம்கூட இன்னும் சொல்லவில்லை. சாக்கின் வாயைக் கட்டிவிட்டதாகப் பிள்ளைகளிடம் சொன்னாளே, கட்டவில்லை. அவர்கள் ஆடி ஓயும் வரைக்கும் எனக்கு மூச்சு முட்டாமல் இருக்க, வெளியே சிரித்துப் பேசிக்கொண்டே, சாக்குக்குள் கையை விட்டு வாயை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருட்டில் எனக்குத் தெரிந்தது அந்தக் கை ஒன்றுதான். எனக்குச் சம்மதம். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் இல்லாமல், நூறு வயது இருக்க வேண்டும்.

உன் நன்மையையே நினைக்கும் மாமன்,
ஆதிகேசவன்