தமிழில் நீ சொல்லாத என் பெயர்

என் அன்புச் செசிலிக்கு,

கல்லறைத் திருநாளன்று உன்னிடம் சொல்ல நினைத்து வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். கடல் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது. உன் கல்லறையில் மெழுகுவத்தி அணையாமல் பார்த்துக்கொள்வதிலேயே நேரம் போய்விட்டது. சுற்றிலும் அத்தனை பேர் நிற்கும்போது வாய்விட்டுப் பேசக் கூச்சமாகவும் இருந்தது. அதனால் எழுதுகிறேன். வேறு யார் படித்தாலும் படிக்கட்டும்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். வேலைக்குப் போகிறேன். டிராம் பட்டறையில் எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றுகிறேன். கை தானாக ஓடுகிறது. அன்றைக்கு ஒரு மோட்டாரை முடித்து ஓட்டிப் பார்த்தபோது, பக்கத்தில் நின்ற சீனக் கூட்டாளி ஆ செங் தன் மலாயில், "ஓடுது லா, ஒரு தடவ சிரியேன்" என்றான். சிரித்தேன் என்றுதான் நினைத்தேன். "அது சிரிப்பில்ல, பல்வலி" என்றான்.

நம் பிலோவுக்குப் போன வருஷத்துக் கவுன்களெல்லாம் குட்டையாகிவிட்டன. நீ போன பிறகு என் அக்கா டத்தோ கிராமாட்டில் நம் வீட்டுக்கே வந்து எங்களோடு தங்கிவிட்டாள். அவள்தான் கவுன்களின் ஓரத்தைப் பிரித்துவிட்டுத் தைத்துக்கொடுக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பிலோவை உன் பப்பா வீட்டிலேயே வளரவிடச் சம்மதித்துவிட்டேன். கோபப்படாதே. முழுக்கக் கேள்.

அந்த வீடு உனக்குத் தெரியாததா? கூடத்தில் இங்கிலீஷ், அடுப்படியில் தமிழ். கப்பல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருக்கிறவர் வீட்டில் அப்படித்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்து நான் வியர்த்தது நினைவிருக்கிறதா? உன் பப்பா இங்கிலீஷில் என்னென்னவோ கேட்டார். எனக்குத் தொழிற்பள்ளியில் படித்த இங்கிலீஷ்தான். மோட்டாரைப் பிரித்துப் போட்டால் ஒவ்வொரு உறுப்பின் பெயரையும் சொல்வேன். மழை வரும்போலிருக்கிறது என்று ஒருவரிடம் சொல்ல வராது. அப்போது நீ தேநீர்த் தட்டோடு வந்து, எல்லார் முன்னாலும், "சீனி போதுமாங்க?" என்று கேட்டாய். உன் பப்பா விட்டத்தைப் பார்த்தார். எனக்கு மட்டும் மூச்சு வந்தது.

பிலோ பிறந்த பிறகு வீட்டில் இங்கிலீஷ் பேசுவதையே நீ நிறுத்திவிட்டாய். "இங்கிலீஷ் நல்ல பட்டுப்புடவை மாதிரிங்க. வெளிய போகக் கட்டிக்கலாம். அதையே கட்டிக்கிட்டுப் பிள்ளைக்குப் பால் குடுக்க முடியுமா?" என்பாய். நான் விடமாட்டேன். தபாலாபீசில் வரிசையில் நிற்கிற நம் ஆட்களை அந்தக் குமாஸ்தா, அவனும் நம் ஆள்தான், எப்படி விரட்டுவான் என்று நாம் இருவரும் பார்த்திருக்கிறோம். நீ இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னதும் எழுந்து நின்றானே. பிலோவுக்கும் எழுந்து நிற்கட்டும் என்பேன். நீ அவள் தலையைக் கோதுவாய். அந்தப் பேச்சை நாம் முடிக்கவே இல்லை.

நீ போன பிறகு உன் பப்பா வந்து என் வாதத்தையே எனக்குச் சொன்னார். "கான்வென்ட்ல சேர்க்கறப்ப இவளுக்கு இங்கிலீஷ் வரலைன்னா கடைசி பெஞ்சுல உக்கார வச்சிடுவாங்க. ரப்பர் தோட்டத்துலேர்ந்து வந்த புள்ளைன்னு நெனப்பாங்க" என்றார். சரி என்றேன்.

ஆனால் நான் சரி என்றதற்குக் காரணம் அது இல்லை, செசிலி.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசிச் சாயங்காலம், உன் வார்டு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒருவர்தான் இருக்கலாம் என்றார்கள். உன் பப்பா இருந்தார். அப்புறம் வெள்ளைக்கார நர்ஸம்மா வெளியே வந்து, நல்ல மாதிரியாகத்தான், மெதுவாக என்னிடம் சொன்னாள்: உன் மனைவிக்கு நினைவு தப்பிவிட்டது, உன் பெயரே அவளுக்குத் தெரியவில்லை, இப்போது பார்க்காமல் இருப்பதே உனக்கு நல்லது. அந்த இங்கிலீஷ் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. நான் உள்ளே வரவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு எதுவும் உறைக்கவில்லை. நீயே என்னை மறந்துவிட்டுப் போயிருக்கிறாய். பிலோவைப் பிடித்து வைத்துக்கொள்ள நான் யார்? அப்படித்தான் சரி என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உன் பப்பா வந்தார். ரிக்‌ஷாக்காரர் தெருவில் காத்திருந்தார். பிலோவின் தகரப் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. உன் பப்பா நாற்காலியில் உட்கார்ந்து அக்காவிடமும் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவள் என்னைப் பார்த்து, "இவருக்கு என்ன வேணுமாம்? காப்பியா, கவர்னர் உத்தியோகமா?" என்றாள். காப்பிதான் என்றேன்.

உன் பப்பா இரண்டு மூன்று மாதமாகவே வரும்போதெல்லாம் பிலோவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் முன்னால் நிறுத்தி இங்கிலீஷில் கேட்டார், உன் பெயர் என்ன என்று. "பிலோமினா" என்று ஒழுங்காகச் சொன்னாள். உன் அப்பா பெயர் என்ன என்றார். கேள்வி அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு நல்ல சத்தமாகச் சொன்னாள்:

"என்னங்க."

அக்காவால் அடக்க முடியவில்லை. "வேற என்னத்தச் சொல்லும் அது? அவ ஆத்தா நாள் முழுக்க அப்படித்தானே கூப்பிட்டா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடலோர எஸ்பிளனேடில் நாம் நடக்கும்போது நீ இங்கிலீஷில் பேசினால் 'ஆன்டனி' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாய். தமிழுக்குத் திரும்பியதும் 'என்னங்க'தான். ஒருநாள் தமிழில் என் பெயரைச் சொல்லு பார்க்கலாம் என்று கேட்டதற்கு, "அய்யோ, வாய் வராதுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பிலோ கேட்டதெல்லாம் அந்த 'என்னங்க' மட்டும்தான்.

உன் பப்பா சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். தமிழில். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவர் வெகுநேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அவளுக்குப் புத்தி பெரளல" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஆஸ்பத்திரியில. காய்ச்சல்ல இங்கிலீஷ் பேச அவளுக்கு வாய் வரல, தமிழ்தான் வந்துச்சு. இங்கிலீஷ்ல பேசும்மா, நர்ஸ் நிக்கிறாங்கன்னு நாந்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். நினைவு இருக்கான்னு பாக்க, ஒன் புருஷன் பேரு என்னன்னு நர்ஸம்மா கேட்டா. கேட்டது அவளுக்கு வெளங்கிடுச்சு. சிரிச்சா. வாசப்பக்கம் கையக் காட்டி, 'வெளிய நிக்கிறாங்க பப்பா, அவங்கள வரச்சொல்லுங்க'ன்னா. பேர மட்டும் சொல்லல."

"நர்ஸம்மாகிட்ட நீங்க சொல்லலையா மாமா?"

"நம்ம பொம்பளைங்க சொல்லமாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? அவ அம்மா சாகறவரைக்கும் என் பேரச் சொன்னதில்ல. ஆனா நர்ஸம்மா, பாவம், நினைவு போயிடுச்சுன்னு சொன்னா. நானும் ஆமான்னுட்டேன். அத எப்படி இங்கிலீஷ்ல எடுத்துச் சொல்றது? சொன்னா நம்மளப்பத்தி என்ன நெனச்சிருப்பாங்க?"

கிழவர் அழுதார், செசிலி. நீ பார்த்திருக்கமாட்டாய், அவர் அழுது. எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. 'வெளிய நிக்கிறாங்க' என்பதை மட்டுமே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். நான் நிற்பது உனக்கு எப்படித் தெரிந்தது? வார்டுக் கதவுக் கண்ணாடியில் என் நிழல் விழுந்ததா? இல்லை, நான் வேறெங்கும் போயிருக்கமாட்டேன் என்று உனக்கே தெரியுமா?

தெருவிலிருந்து ரிக்‌ஷாக்காரர் குரல் கொடுத்தார், பெட்டியை ஏற்றவா என்று. உன் பப்பா எழுந்திருக்கவில்லை. "நீ சொல்லு மாப்ள" என்றார்.

"பிலோ இங்கயே இருக்கட்டும் மாமா. நீங்க வந்து இங்கிலீஷ் சொல்லிக்குடுங்க. அவளுக்கு அது வேணும்."

"சனிக்கிழமை வரட்டுமா?"

"வரலாம்" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து. "வரும்போது தமிழையும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லு."

பெட்டியை நானே உள்ளே தூக்கி வந்தேன். அன்று மத்தியானம் சாப்பிட்டபோது குழம்பில் உப்பு கூடியிருந்தது தெரிந்தது. பல மாதமாக எனக்கு எதிலும் ருசி தெரிந்ததில்லை. அக்காவிடம் சொன்னதற்கு, "நல்லது, நாக்கு வந்துடுச்சு" என்றாள்.

நேற்று உன் பப்பா வந்தார். எங்கள் கூடத்தில் இங்கிலீஷும் தமிழுமாகப் பாடம் நடந்தது. "என் அப்பாவின் பெயர் ஆன்டனி" என்று பிலோ இங்கிலீஷில் பிசகாமல் ஒப்பித்தாள். தாத்தா கை தட்டினார். உடனே அவள் என் பக்கம் திரும்பி, "என்னங்க, தண்ணி" என்றாள். அக்கா திருத்தப் போனாள். நான்தான் வேண்டாம் என்றேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பிலோ கான்வென்டுக்குப் போவாள். எந்தத் துரை முன்னாலும் இங்கிலீஷ் பேசுவாள். என் பெயரை இரண்டு மொழியிலும் கூசாமல் சொல்லப் பழக்குவேன். நீ ஏன் தமிழில் அதைச் சொன்னதில்லை என்பதையும் சொல்லிவைப்பேன், யார் கேட்டாலும் இங்கிலீஷில் எடுத்துச் சொல்லும்படியாக. இனி நம் ஆள் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்து வாசலைக் காட்டினால், அது யாரைக் காட்டுகிறது என்று சொல்ல அவள் இருப்பாள்.

நான் வெளியேதான் நின்றேன், செசிலி. நீ சொன்னது சரி.

இப்படிக்கு,
பிலோவின் அப்பா,
உன் 'என்னங்க'